ஸ்டீபன் கிங்: எழுத்து வாழ்வும் பிறர் நூல்களுக்கான பரிந்துரைகளும்

ஸ்டீபன் எட்வின் கிங் (பிறப்பு: 21 செப்டம்பர் 1947) அமெரிக்க நாவலாசிரியர். திகில், த்ரில்லர், துப்பறியும் கதை, மிகைக்கற்பனை என்று வெகுஜன எழுத்தின் பெரும்பாலான வகைகளிலும் எழுதியவர். 1974இல் ‘கேரி’ வெளியானது முதல் அறுபதுக்கும் மேற்பட்ட நாவல்களும் ஏறத்தாழ இருநூறு சிறுகதைகளும் அவரிடமிருந்து வந்திருக்கின்றன. அவருடைய நூல்கள் 35 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருப்பதாக மதிப்பிடுகிறார்கள். ‘தி ஷைனிங்’, ‘மிசரி’, ‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ போன்ற திரைப்படங்களின் வழியாக, அவருடைய புத்தகம் ஒன்றையும் தொடாதவர்களுக்கும் அவர் கதைகள் தெரியும்.

இந்த விற்பனைக் கணக்குக்கு இணையாக வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு பணி கிங்குக்கு உண்டு. ஐம்பது ஆண்டுகளாக அவர் மற்றவர்கள் எழுதியதைப் படித்து, பிடித்ததை ஊரறியச் சொல்லி, வாசகர்களை அந்தப் புத்தகங்களின் பக்கம் அனுப்பிவருகிறார். முன்னுரை, மதிப்புரை, பத்திரிகைப் பத்தி, பின்னட்டைப் பாராட்டு, விருது மேடைப் பேச்சு, சமூக ஊடகப் பதிவு என்று இதற்கு அவர் பயன்படுத்தாத வழி இல்லை. ஒரு எழுத்தாளரின் பெயர் இன்னொருவரின் புத்தகத்தை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அமெரிக்க வெகுஜன இலக்கியத்தில் அவரைவிடத் தெளிவான சான்று கிடையாது.

இளமையும் முதல் வாசிப்பும்

கிங் பிறந்தது மேய்ன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில். அவருக்கு இரண்டு வயதாக இருந்தபோது தந்தை வீட்டை விட்டுப் போனார், திரும்பவே இல்லை. தாய் ரூத் கிடைத்த வேலைகளைச் செய்து இரண்டு பையன்களை வளர்த்தார். பல ஊர்கள் மாறி, கிங்கின் பதினோராவது வயதில் மேய்னின் டர்ஹாம் என்ற சிற்றூரில் குடும்பம் நிலைகொண்டது. உறவினர் வீட்டுப் பரணில் தந்தையின் பழைய பெட்டி ஒன்று கிடந்தது. அதில் எச். பி. லவ்கிராஃப்டின் திகில் கதைத் தொகுப்பு ஒன்று சிறுவன் கையில் அகப்பட்டது. தந்தையும் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பித் திருப்பி வாங்கியவர் என்பது அந்தப் பெட்டி வழியாகவே மகனுக்குத் தெரிந்தது.

டர்ஹாமில் நூலகம் இல்லை; புத்தக வண்டிதான் வரும். பிள்ளைகள் உண்மையில் எப்படி இருப்பார்களோ அப்படிச் சொல்லும் கதை ஏதும் உண்டா என்று அந்த வண்டியில் வந்த நூலகரிடம் கிங் கேட்டார். அவர் எடுத்துக்கொடுத்தது வில்லியம் கோல்டிங்கின் ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’. கோல்டிங்கின் நூற்றாண்டை ஒட்டி 2011இல் வந்த பதிப்புக்கு முன்னுரை எழுதியபோது கிங் இதை நன்றியோடு நினைவுகூர்ந்தார். தம் கதைகள் பலவற்றை நிகழ்த்தும் கற்பனை ஊருக்கு அவர் வைத்த ‘காசில் ராக்’ என்ற பெயரும் அந்த நாவலிலிருந்து வந்ததுதான். சரியான ஆள் சரியான நேரத்தில் நீட்டும் ஒரு புத்தகம் ஒருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது அவருக்குச் சொந்த அனுபவம். அவருடைய பிற்காலப் பரிந்துரைகளின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று சொல்லலாம்.

‘கேரி’

மேய்ன் பல்கலைக்கழகத்தில் 1970இல் பட்டம் பெற்ற கிங், மறு ஆண்டு உடன் படித்த டபிதா ஸ்ப்ரூஸை மணந்தார். சலவை நிலையத்தில் கூலி வேலை. பிறகு ஹாம்ப்டன் அகாடமி என்ற பள்ளியில் ஆண்டுக்கு 6,400 டாலர் சம்பளத்தில் ஆங்கில ஆசிரியர். இரவில் எழுதிய கதைகள் ஆண்களுக்கான பத்திரிகைகளில் அவ்வப்போது வந்தன. ‘கேரி’யின் முதல் பக்கங்களை எழுதிவிட்டு, சரிவராது என்று குப்பைக்கூடையில் போட்டார். டபிதா அவற்றை எடுத்துப் படித்து, மேலே எழுதச் சொன்னார். கிங்கின் முதல் நாவல் ஒரு வாசகியின் பரிந்துரையால் பிழைத்த நாவல்.

டபுள்டே நிறுவனத்தின் பதிப்பாசிரியர் பில் தாம்சன் அதை 2,500 டாலர் முன்பணத்துக்கு வாங்கினார். வீட்டில் தொலைபேசி வைத்திருக்க வசதியில்லாத காலம் என்பதால் செய்தி தந்தியில் வந்தது. 1973இல் பேப்பர்பேக் உரிமை 4 லட்சம் டாலருக்குப் போனது. ஒப்பந்தப்படி அதில் பாதி ஆசிரியருக்கு. அத்தோடு பள்ளி ஆசிரியர் வேலை முடிந்தது. ரூத் கிங் அந்த ஆண்டு டிசம்பரில் புற்றுநோயால் இறந்தார். மகனின் நாவல் 1974 ஏப்ரலில் அச்சில் வந்ததை அவர் பார்க்கவில்லை. பிரையன் டி பால்மா இயக்கிய படம் 1976இல் வெளியாகி, கிங்கின் பெயரை நாடு முழுக்கக் கொண்டுசேர்த்தது. ‘சேலம்ஸ் லாட்’ (1975), ‘தி ஷைனிங்’ (1977), ‘தி ஸ்டாண்ட்’ (1978), ‘தி டெட் ஸோன்’ (1979) என்று அடுத்தடுத்து நூல்கள் வந்தன.

பெயரின் எடை

1978இல் கிங்கின் முதல் சிறுகதைத் தொகுப்பு ‘நைட் ஷிஃப்ட்’ வெளியானது. அதற்கு முன்னுரை தந்தவர் ஜான் டி. மெக்டொனால்ட். ட்ராவிஸ் மெக்கீ என்ற நாயகனை வைத்து எழுதிய தொடர் நாவல்களால் புகழ்பெற்றிருந்த, அமெரிக்கக் குற்றப்புனைவின் மூத்த கை. முப்பது வயதைத் தாண்டியிராத ஓர் இளைஞனுக்காகத் தன் பெயரை அவர் அட்டையில் வைக்கக் கொடுத்தார். கிங் இதை மறக்கவே இல்லை. தன்னை உருவாக்கிய எழுத்தாளர்கள் என்று ரிச்சர்ட் மாத்திசன், டான் ராபர்ட்சன் ஆகியோரோடு மெக்டொனால்டையும் சேர்த்தே அவர் சொல்லிவந்திருக்கிறார்.

இன்னொரு பக்கம், தன் பெயரே இல்லாவிட்டால் தன் எழுத்து நிற்குமா என்ற கேள்வி அவரை அரித்தது. ரிச்சர்ட் பாக்மன் என்ற புனைபெயரில் 1977 முதல் 1984 வரை ஐந்து நாவல்களை வெளியிட்டார். அந்தப் பெயரின் முதல் பாதி டொனால்ட் வெஸ்ட்லேக் ரிச்சர்ட் ஸ்டார்க் என்ற புனைபெயரில் குற்றக்கதைகள் எழுதியதற்கான வணக்கம். மறுபாதி அப்போது அவர் கேட்டுக்கொண்டிருந்த ராக் இசைக்குழு ஒன்றின் பெயரிலிருந்து எடுத்தது. வாஷிங்டனில் ஒரு புத்தகக்கடை ஊழியர் நடையை வைத்துச் சந்தேகப்பட்டு, காப்புரிமைப் பதிவுகளைத் தேடிப் பார்த்து, 1985இல் உண்மையைக் கண்டுபிடித்துவிட்டார். அதற்கு முன் ‘தின்னர்’ நாவல் விற்றது 28,000 பிரதிகள். எழுதியவர் கிங் என்று தெரிந்ததும் விற்பனை பத்து மடங்கானது. நாவலில் ஒரு சொல்லும் மாறவில்லை. பாக்மன் என்ற புனைபெயர் அம்பலமாகி முடிவுக்கு வந்த இந்த அனுபவத்திலிருந்துதான் ‘தி டார்க் ஹாஃப்’ (1989) பிறந்தது.

புத்தகச் சந்தையில் பெயருக்கு உள்ள பலத்தை இவ்வளவு துல்லியமாகத் தன் மீதே சோதித்துப் பார்த்த எழுத்தாளர் வேறு யாரும் இருப்பதாகத் தோன்றவில்லை. அந்தப் பலத்தை அவர் பிறருக்குக் கடனாகக் கொடுத்த விதத்தை இந்தச் சோதனையோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

‘டான்ஸ் மகாப்ர’

கிங்கின் பரிந்துரைகளில் முழுமையானது 1981இல் வந்த ‘டான்ஸ் மகாப்ர’. மேய்ன் பல்கலைக்கழகத்தில் திகில் இலக்கியம் பற்றி அவர் நடத்திய வகுப்புகளும், அவற்றை நூலாக்கலாமே என்று பில் தாம்சன் கேட்டுக்கொண்டதும் இதற்குக் காரணம். 1950 முதல் 1980 வரையிலான முப்பது ஆண்டுகளில் வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி, நாவல் ஆகியவற்றில் திகில் எப்படி வளர்ந்தது என்பதைப் பேசுகிறது. அதன் நீண்ட அத்தியாயம் பத்து நூல்களை ஒவ்வொன்றாக எடுத்து அலசுகிறது. பீட்டர் ஸ்ட்ராபின் ‘கோஸ்ட் ஸ்டோரி’, ஷெர்லி ஜாக்சனின் ‘தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’, ஐரா லெவினின் ‘ரோஸ்மேரிஸ் பேபி’, மாத்திசனின் ‘தி ஷ்ரிங்கிங் மேன்’, ரே பிராட்பரியின் ‘சம்திங் விக்கட் திஸ் வே கம்ஸ்’, இங்கிலாந்தின் ராம்சி கேம்ப்பெல், ஜேம்ஸ் ஹெர்பர்ட் ஆகியோரின் நாவல்கள் அதில் உண்டு. பின்னிணைப்பாக ஏறத்தாழ நூறு படங்களும் நூறு நூல்களும் கொண்ட பட்டியல்கள். அன்றைய அமெரிக்க வாசகர்கள் ஒரு தலைமுறைக்கு இதுவே பாடத்திட்டமாக இருந்தது.

இந்நூலை வெறும் பட்டியலிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் உழைப்பு. எழுத்தாளர்களுக்குக் கடிதம் எழுதி, அந்த நாவல் எப்படி உருவானது என்று கேட்டு, வந்த பதில்களையும் கிங் நூலில் சேர்த்திருக்கிறார். ஒரு கதை ஏன் பயமுறுத்துகிறது என்பதைக் கைத்தொழில்காரனின் கண்ணால் பிரித்துக் காட்டுகிறார். ஷெர்லி ஜாக்சன் குரலை உயர்த்தாமலே நடுங்க வைப்பவர் என்ற அவருடைய வியப்பு, ஜாக்சனின் நினைவுக்கு ‘ஃபயர்ஸ்டார்ட்டர்’ (1980) நாவலைக் காணிக்கையாக்கிய அளவுக்கு உண்மையானது.

எண்பதுகள்: தெரியாத பெயர்களுக்காக

எண்பதுகளில் கிங்கின் ஒரு வாக்கியம் ஒருவருடைய தலையெழுத்தையே மாற்றும் நிலை வந்தது. கான் திரைப்பட விழாவில் சாம் ரெய்மி என்ற இருபது வயதுகளில் இருந்த இளைஞரின் ‘தி ஈவில் டெட்’ படத்தைப் பார்த்த கிங், 1982இல் ‘ட்வைலைட் ஸோன்’ இதழில் அதைப் பற்றி உற்சாகம் பொங்க எழுதினார். விநியோகஸ்தர் கிடைக்காமல் தவித்த படத்துக்கு அந்தக் கட்டுரை வழி திறந்தது. அதிலிருந்து எடுத்த சொற்கள் சுவரொட்டியில் ஏறின. லிவர்பூலைச் சேர்ந்த கிளைவ் பார்க்கர் 1984இல் ‘புக்ஸ் ஆஃப் ப்ளட்’ என்ற கதைத் தொகுதிகளோடு வந்தபோது, திகில் எழுத்தின் எதிர்காலமே இவர்தான் என்ற பொருள்படக் கிங் சொன்னது பார்க்கரின் நூல்களில் பல ஆண்டுகள் அச்சானது. நேரடியாகப் பேப்பர்பேக்கில் நாவல் எழுதிவந்ததால் மதிப்புரையாளர்கள் கண்ணிலேயே படாத மைக்கேல் மெக்டவலை, அந்த வகையில் அமெரிக்காவின் ஆகச்சிறந்த எழுத்தாளர் என்று அவர் பாராட்டினார். மெக்டவல் 1999இல் இறந்தபோது முடியாமல் கிடந்த நாவலைப் பின்னாளில் டபிதா கிங் எழுதி முடித்து 2006இல் வெளிவரச் செய்தார்.

டான் ராபர்ட்சன் விஷயத்தில் கிங் சொல்லோடு நிற்கவில்லை. ஒஹையோ மாநிலத்துக்காரரான ராபர்ட்சன் அருமையான நாவல்களை எழுதியும் வாசகர்கள் நினைவிலிருந்து நழுவிக்கொண்டிருந்தார். கிங் தாம் வைத்திருந்த ஃபில்ட்ரம் பிரஸ் என்ற சிறு பதிப்பகத்தின் மூலம், ராபர்ட்சனின் ‘தி ஐடியல், ஜென்யூயின் மேன்’ நாவலை 1987இல் தன் முன்னுரையோடு பதிப்பித்தார். பாராட்டு வாக்கியம் எழுத ஐந்து நிமிடம் போதும். சொந்தப் பணத்தில் இன்னொருவர் நாவலை அச்சடிப்பது வேறு வகை அன்பு.

இதே பத்தாண்டின் பிற்பகுதி கிங்கின் சொந்த வாழ்வில் இருண்ட காலம். மதுவும் போதைப்பொருளும் அவரைப் பிடித்திருந்தன. குடும்பத்தாரும் நண்பர்களும் நேரில் நின்று கண்டித்த பிறகே அவற்றிலிருந்து மீண்டார்.

‘ஆன் ரைட்டிங்’

1999 ஜூன் 19 அன்று மேய்னின் லவெல் அருகே சாலையோரம் நடந்துகொண்டிருந்த கிங்கை ஒரு வேன் மோதித் தூக்கி எறிந்தது. கால், இடுப்பு, விலா எலும்புகள் நொறுங்கின. பாதியில் நின்றிருந்த ‘ஆன் ரைட்டிங்’ நூலை வலியோடு உட்கார்ந்து முடித்தார், 2000இல் வெளியானது. பாதி தன்வரலாறும் பாதி எழுத்துப் பயிற்சியுமான இந்நூலின் அடிப்படை ஒன்றுதான்: படிக்க நேரமில்லாதவருக்கு எழுதும் தகுதி வராது. தாம் ஆண்டுக்கு 70, 80 நூல்கள் படிப்பதாக அதில் சொல்கிறார். முடிவில், முந்தைய மூன்று நான்கு ஆண்டுகளில் தாம் படித்து ரசித்த ஏறத்தாழ நூறு நூல்களின் பட்டியலைத் தருகிறார். அதில் ஜோசப் கொன்ராடும் டிக்கன்ஸும் ஃபாக்னரும் இருக்கிறார்கள். மைக்கேல் கானலியின் துப்பறியும் நாவலும் ஜே. கே. ரவுலிங்கின் முதல் மூன்று ஹாரி பாட்டர் கதைகளும் அவர்களோடு சமமாக உட்கார்ந்திருக்கின்றன. பத்தாண்டு கழிந்து வந்த மறுபதிப்பில் புதிய பட்டியல் ஒன்றும் சேர்ந்தது.

மூடிய கதவுகள்

2003இல் ‘என்டர்டெய்ன்மென்ட் வீக்லி’ இதழில் கிங் பத்தி எழுதத் தொடங்கினார். ஏழு ஆண்டுகளுக்கும் மேல் அது நீடித்தது. ஆண்டு முடிவில் தாம் படித்தவற்றில் சிறந்த பத்து நூல்களைச் சொல்வது வழக்கம். அந்தப் பத்தியால் நிகழ்ந்த இரண்டு சம்பவங்களுக்கு ஈடாக அவருடைய நூற்றுக்கணக்கான அட்டைப் பாராட்டுகள் எதையும் சொல்ல முடியாது.

முதலாவது, நடிகர் ரான் மெக்லார்ட்டி. பல நாவல்கள் எழுதியும் பதிப்பாளர் யாரும் அவற்றை ஏற்கவில்லை. ‘தி மெமரி ஆஃப் ரன்னிங்’ என்ற நாவல் ஒலிநூலாக மட்டும் 2000இல் வெளியானது. அச்சில் அப்படி ஒரு புத்தகமே கிடையாது. அதைக் கேட்ட கிங், நீங்கள் படிக்க முடியாத மிகச்சிறந்த நாவல் இதுதான் என்ற தொனியில் 2003இல் தம் பத்தியில் எழுதினார். உடனே பதிப்பகங்கள் போட்டியிட்டன. இரண்டு நூல்களுக்கான ஒப்பந்தம் சுமார் 20 லட்சம் டாலருக்கு முடிந்ததாகச் செய்தி வந்தது. வைக்கிங் பதிப்பாக நாவல் 2004 இறுதியில் கடைகளுக்கு வந்தபோது மெக்லார்ட்டிக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

இரண்டாவது, த்ரில்லர் எழுத்தாளர் மெக் கார்டினர். அமெரிக்கரான அவர் இங்கிலாந்தில் குடியிருந்தார். நாவல்களும் அங்கேதான் வெளியாயின. ஒரு விமானப் பயணத்தில் ‘சைனா லேக்’ நாவலைப் படித்த கிங், அமெரிக்காவைக் களமாகக் கொண்ட இந்தக் கதைகளுக்கு அமெரிக்காவில் பதிப்பாளரே இல்லை என்பதை அறிந்து கொதித்துப்போனார். 2007இல் ஒரு முழுப் பத்தியையும் அவருக்கு ஒதுக்கினார். நாவல் மறு ஆண்டே அமெரிக்காவில் வந்தது. 2009இல் சிறந்த பேப்பர்பேக் மூலநாவலுக்கான எட்கர் விருதைப் பெற்றது. இங்கிலாந்தில் அது முதலில் வெளியான ஆண்டு 2002. ஏழாண்டுகளாக அதே நாவல்தான். இடையில் நடந்தது ஒரு பத்தி மட்டுமே.

2003 விருதும் விவாதமும்

அமெரிக்க இலக்கியத்துக்குச் சிறப்பான பங்களிப்புக்கான தேசிய நூல் அறக்கட்டளையின் பதக்கம் 2003இல் கிங்குக்கு அறிவிக்கப்பட்டதும் விமர்சகர் ஹரால்ட் ப்ளூம் கடுமையாக எதிர்த்தார். பண்பாட்டின் சரிவுக்கு இன்னொரு சான்று என்பது அவர் வாதம். நுரையீரல் அழற்சியோடு மேடையேறிய கிங், தனக்குக் கிடைத்த இடத்தைத் தன் வகை எழுத்தாளர்களுக்காக வாதாடப் பயன்படுத்தினார். எல்மோர் லெனர்ட், பீட்டர் ஸ்ட்ராப், ஜாக் கெட்சம், டெனிஸ் லெஹேன், மைக்கேல் கானலி என்று பெயர்களை அடுக்கி, இவர்களைப் படித்துப் பாருங்கள் என்று நடுவர்களைக் கேட்டுக்கொண்டார். அன்றிரவு நாவலுக்கான விருதை வாங்கிய ஷெர்லி ஹாஸர்ட், அதிகம் விற்பவர்களின் வாசிப்புப் பட்டியல் தங்களுக்குத் தேவையில்லை என்று மேடையிலேயே பதில் சொன்னார்.

ஹாஸர்டின் எரிச்சல் புரிந்துகொள்ளக்கூடியது. நல்ல நாவலுக்கு விற்பனை அளவுகோல் ஆகாது. ஆனால் கெட்சம் அதிகம் விற்றவரல்ல. கிங் எடுத்துவைத்தது விற்பனைப் பட்டியல் என்று ஹாஸர்ட் நினைத்தார். அது உண்மையில் ஒரு வாசகரின் பட்டியல். இந்த விவாதத்தில் நியாயம் கிங் பக்கமே இருந்தது.

குற்றப்புனைவின் பக்கம்

பழைய பாணிக் குற்ற நாவல்களை மறுபடி அச்சுக்குக் கொண்டுவர ‘ஹார்ட் கேஸ் கிரைம்’ என்ற வரிசை 2004இல் தொடங்கியபோது, அட்டைக்கு ஒரு பாராட்டு வாக்கியம் தருமாறு கிங்கிடம் கேட்டார்கள். அவர் ஒரு நாவலே எழுதித் தந்தார்: ‘தி கொலராடோ கிட்’ (2005). பின்னர் ‘ஜாய்லண்ட்’ (2013), ‘லேட்டர்’ (2021) ஆகியவையும் அதே வரிசையில் வந்தன. ஜேம்ஸ் எம். கெய்னை நினைவுகூர்ந்து தொடங்கும் ‘மிஸ்டர் மெர்சிடீஸ்’ (2014) பேயும் பிசாசும் இல்லாத துப்பறியும் த்ரில்லர்; 2015இல் சிறந்த நாவலுக்கான எட்கர் விருது பெற்றது. அதன் துணைப் பாத்திரமான ஹாலி கிப்னி பிந்தைய நாவல்களில் முதன்மை நாயகியாகிவிட்டார்.

பிற்காலப் பரிந்துரைகளும் அவற்றின் குறைகளும்

2010இல் ஜஸ்டின் க்ரோனின் ‘தி பாசேஜ்’ நாவலுக்காகத் தொலைக்காட்சியில் நேர்காணல் தந்துகொண்டிருந்தபோது, கிங் நேரலையில் தொலைபேசியில் அழைத்து வாழ்த்தினார். 2013இல் ட்விட்டருக்கு வந்த பிறகு பரிந்துரை ஒரு வரியாகச் சுருங்கியது; வேகம் கூடியது. பால் ட்ரெம்ப்ளேயின் ‘எ ஹெட் ஃபுல் ஆஃப் கோஸ்ட்ஸ்’ தன்னை மிகவும் பயமுறுத்திவிட்டது என்ற 2015ஆம் ஆண்டுப் பதிவு அந்த நாவலைப் பரவலாக அறியச் செய்தது. சி. ஜே. டியூடர், கேட்ரியோனா வார்ட், டான் வின்ஸ்லோ எனப் பலரும் இவ்வாறு பயன்பெற்றார்கள்.

பெருக்கத்தால் மதிப்புக் குறைந்ததும் உண்மை. திகில் நாவல்களின் அட்டையில் கிங் பெயர் இல்லாததே புதுமை என்று ஆகிவிட்டபோது, எது அவரை உலுக்கியது, எது வெறும் நல்லெண்ணம் என்று வாசகருக்குப் பிரித்தறிய வழியில்லை. ஆனால் அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவர் என்று சொல்ல முடியாது. ஸ்டெஃபனி மேயருக்கு எழுத வரவில்லை என்று 2009இல் வெளிப்படையாகச் சொன்னார். அதே பேட்டியில் ஜேம்ஸ் பேட்டர்சனையும் விடவில்லை. பாராட்டு வாங்கும் வழக்கத்தையே பதிப்புத்துறை இப்போது மறுபரிசீலனை செய்கிறது. சைமன் அண்ட் ஷுஸ்டர், தன் முதன்மை வெளியீட்டுப் பிரிவில் எழுத்தாளர்கள் இனிப் பாராட்டுகளைத் தேடித் தர வேண்டியதில்லை என்று 2025இல் அறிவித்தது. கிங்கின் பதிப்பகமான ஸ்க்ரிப்னரும் அதே குழுமத்தைச் சேர்ந்ததுதான்.

அந்தக் குழுமத்தைப் பெங்குயின் ராண்டம் ஹவுஸ் 220 கோடி டாலருக்கு வாங்க முயன்றபோது, 2022 ஆகஸ்டில் கிங் அமெரிக்க அரசின் தரப்பில் சாட்சி சொன்னார். தன் சொந்தப் பதிப்பாளரின் விருப்பத்துக்கு எதிரான சாட்சியம் அது. பதிப்பகங்கள் ஒன்றையொன்று விழுங்கினால் புதிய எழுத்தாளர்களுக்குப் பிழைக்க இடம் குறையும் என்பது அவர் வாதத்தின் சாரம். அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று நீதிமன்றம் இணைப்பைத் தடுத்தது. விபத்தாலோ நோயாலோ வேலை செய்ய இயலாமல் போன சுயதொழில் கலைஞர்களுக்கு உதவ அவர் நிறுவிய ஹேவன் அறக்கட்டளையையும் இந்தச் சாட்சியத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். தன்னுடைய பெயரால் கிடைத்ததைத் தொழிலில் உள்ள மற்றவர்களோடு பகிர்ந்துகொள்வதில் அவர் ஒரே சீராக இருந்திருக்கிறார்.

கிங்கின் பரிந்துரைகளுக்குள் நுழைய விரும்பும் வாசகர்கள் சமீபத்திய அட்டைகளை விட்டுவிட்டு ‘டான்ஸ் மகாப்ர’வில் அவர் விரிவாகப் பேசும் நூல்களிலிருந்து தொடங்கலாம். முதலில் ஷெர்லி ஜாக்சனின் ‘தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’, அடுத்து ஐரா லெவினின் ‘ரோஸ்மேரிஸ் பேபி’, பிறகு மாத்திசனின் ‘தி ஷ்ரிங்கிங் மேன்’. மூன்றும் அளவில் சிறிய நாவல்கள். மூன்றும் இன்றும் அச்சில் கிடைக்கின்றன.